விற்றுப்போன காலி நாற்காலிகள்

நேற்று மாலை கொழிஞ்சாம்பாறையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஏதோ புதுப்படம். ஆப்பில் அத்தனை சீட்டும் விற்றுவிட்டதாம். யாரோ எடுத்த வீடியோவில் அரங்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது.

"படம் எடுத்தவங்களே டிக்கெட்ட வாங்கிப் போட்டு வசூலக் காட்டறாங்கப்பா. பச்சை மோசடிங்க!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மழை வாசனையோடு, நனைந்த ஸ்வெட்டர்கள் மணக்கும் ஒரு பழைய தியேட்டரும் சேர்ந்து வந்தது. மாட்டுப்பட்டிக்குக் கீழே, தேயிலைத் தோட்டக்காரர்களுக்கென்று இருந்த தியேட்டர்.

அப்போது நான் விநியோகக் கம்பெனியில் ரெப். படப்பெட்டியோடு பஸ் ஏறிப்போய், டிக்கெட் கணக்கில் யாரும் கை வைக்காமல் காவல் காக்கிற வேலை. படம் தொடங்கியதும் டார்ச் அடித்துத் தலை எண்ணுவேன். விற்ற டிக்கெட்டைவிடத் தலை அதிகமென்றால் திருட்டு. தெரிந்தது இந்த ஒன்றுதான். அதற்கே போலீஸ்காரன் மாதிரி நடப்பேன் என்றால் பாருங்களேன்.

ஒருமுறை அங்கே நான் கொண்டுபோன படம் எனக்கு உயிர். பத்துத் தடவை பார்த்தும் அதே இடத்தில் சிரித்தேன். ஆனால் கொளுந்து சீசன். முதல் ஞாயிறும் தோட்டத்தில் வேலை வைத்துவிட்டார்கள். மற்ற நாட்களில் இலை எடை போட்டு முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். கூட்டமே இல்லை. வியாழக்கிழமை இருநூறு டிக்கெட் விற்காவிட்டால் வெள்ளியன்று படத்தைத் தூக்கிவிடலாம் என்பது ஒப்பந்தம். இந்த வரம்பை ஹோல்ட் ஓவர் என்போம். மேனேஜர் அடுத்த படத்தின் போஸ்டருக்குப் பசையே காய்ச்சிவிட்டார்.

வியாழன் மேட்னி. கவுண்டரில் நூற்றுப் பத்து டிக்கெட் போயிருந்தது. உள்ளே எண்ணினேன், முப்பத்தொரு தலை. மறுபடி எண்ணினேன். அதே முப்பத்தொன்று. தலை குறைகிற திருட்டை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லையே!

இடைவேளையில் பிடித்துவிட்டேன். இரண்டாம் வகுப்பில் தனியாக ஓர் அம்மாள், மடியில் கத்தை டிக்கெட். பேச்சியம்மாள், தோட்டத்தில் கொளுந்து கிள்ளுகிறவர்.

"ஏனுங்க அக்கா, இதெல்லாம் ஆரோட டிக்கெட்டுங்க?"

"எங்க லயத்து வீட்டு ஆளுகளோடது சார். நான் ஒருத்திதான் லீவு போட்டேன். எம்பது வாங்கிட்டேன்."

"பாக்காத படத்துக்கா?"

"வர்ற ஞாயித்துக்கெழம வேல இல்ல, தோட்டத்து லாரி வருதுல்லா, எல்லாரும் வந்து பாப்போம். அதுவரைக்கும் படம் இருக்கணும்லா? இன்னைக்கு டிக்கெட் போகலன்னா தூக்கிருவாங்களாம்லா."

இது கணக்கில் சேருமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "விற்றது விற்றதுதானே" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். சாயங்காலக் காட்சியும் சேர்த்து நூற்றுத் தொண்ணூற்றாறு. நாலு குறைகிறது! காவல்காரனான நானே கவுண்டரில் காசை நீட்டினேன். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஆனாலும் நாலு டிக்கெட் வாங்கினேன்.

ஞாயிறு காலை லாரிகள் வளைவில் திரும்பும்போதே பாட்டுச் சத்தம். வாசலில் புதிதாகக் காசு கொடுத்து எல்லோரும் டிக்கெட் வாங்கினார்கள். வியாழக்கிழமை டிக்கெட்டைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. நான் சிரிக்கிற இடத்தில் மொத்தத் தியேட்டரும் சிரித்தது. தலை எண்ண வேண்டியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக்குப் போன் செய்தபோது முதலாளி, "அங்க மட்டும் எப்படிய்யா ஓடுது?" என்றார். "ஜனங்களுக்குப் புடிச்சிருக்குங்க" என்றேன். அதில் பொய் இல்லை.

இப்போது அந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களின் கார்கள் நிற்கின்றன. படப்பெட்டியும் இல்லை, ரெப்பும் இல்லை. காட்சி முடியுமுன்பே வசூல் கணக்கு எல்லோர் போனுக்கும் வந்துவிடுகிறது. மகள் சொல்கிற மோசடியும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும், விற்றுவிட்டுக் காலியாகக் கிடக்கும் சீட்டுகளை அவள் காட்டியபோது, நான் லாரிகள் வரும் என்றுதான் காத்திருந்தேன்.