கதவில் இல்லாத ஏழு

போன வாரம் ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர், "ஏனுங்க, கதவு நம்பர் எழுதிரட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். தின்னர் வாசனை சமையலறை வரைக்கும் வந்தது. அந்த வாசனை வந்தால் எனக்கு நண்பர் ஆரோக்கியத்தின் ஞாபகம்தான்.

கொல்லிமலையில் எனக்கு முதல் வேலை. ஆரோக்கியம் பக்கத்து மேசை கிளார்க், சேலத்துக்காரர். ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு: அந்தக் காலத்து ராலி பந்தயக் கார்களின் குட்டி உலோகப் பொம்மைகள். உள்ளங்கையில் அடங்கும், ஆனால் கனக்கும். பழைய சாமான் கடைகளில் தேடித்தேடி வாங்குவார். ஒன்று கிடைத்துவிட்டால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் மலையேறுவார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதை வெளியே எடுத்து ஜன்னல் கம்பியோரம் திருப்புவார். "எழுபது வளைவும் ஏறுனாத்தானுங்க இது ராலி கார்." நானும் கூடவே எண்ணுவேன், நாற்பதாவது வளைவில் வயிற்றைப் புரட்டும்வரை.

ஒரு மழைக்காலத்தில் லீவில் ஊருக்குப் போனவர், பெட்டியை என்னிடம் கொடுத்தார். "ஈரம் ஏறிருங்க. அப்பப்பத் தொறந்து காத்தாட வைங்க, போதும்." திறந்தேன். ஒரு சிவப்புக் கார் மட்டும் பெயிண்ட் உதிர்ந்து, கதவில் வெள்ளைப் பெயிண்டில் கோணல்மாணலாக எழுதிய ஒரு ஏழோடு பரிதாபமாகக் கிடந்தது. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் மரத்துக்கும் கல்லுக்கும் வெள்ளையடிக்கிற ஆபீஸில் இருந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? போர்டு எழுத முள்ளுக்குறிச்சியிலிருந்து வந்திருந்த பெயிண்டரிடம் நீட்டினேன். "இதுக்கென்னங்க, ரெண்டு நிமிசம்" என்றார். கார் பளபளத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பி வந்த ஆரோக்கியம் அதைக் கையில் எடுத்துக் கதவை விரலால் தடவிப் பார்த்தார். இந்த மாதிரிப் பொம்மைகளில் பழைய பெயிண்டைத் தொட்டால் மதிப்பே போய்விடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதுகூடப் போகட்டும்.

"அந்த ஏழு எங்கப்பா எழுதுனதுங்க. அப்ப எனக்கு ஆறு வயசு. அவரு கையெழுத்துன்னு எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

பதறிப்போய் நான் செய்தது அதைவிட மோசம். பெயிண்டர் விட்டுப்போன தின்னரைப் பஞ்சில் தொட்டுக் கதவைத் துடைத்தேன். பஞ்சில் புதுச் சிவப்பு வந்தது. பிறகு கொஞ்சம் வெள்ளை வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடுங்க சார். வேணும்னேவா செஞ்சீங்க?"

திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம், வாசலூர்பட்டி ஏரி வரைக்கும் நடந்தோம். ஆனால் சட்டைப்பையில் கார் வைத்து அவர் மலையேறி நான் பார்க்கவில்லை. வளைவுகளை எண்ணுவதும் நின்றுபோயிற்று.

இந்த வருஷம் ஆரோக்கியம் போய்விட்டார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். "மத்த காரெல்லாம் ஒருத்தர் ஆசையா வாங்கிட்டுப் போயிட்டாருங்க. இது மேல பெயிண்ட் அடிச்சதாம், வேண்டாம்னுட்டாரு. நீங்க வெச்சுக்கறீங்களா?"

பிரித்தேன். அதே முள்ளுக்குறிச்சிச் சிவப்பு, மங்கவே இல்லை. நான் துடைத்த கதவு மட்டும் வெறும் உலோகமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அதில் வேறு நம்பர் எழுதவில்லை.