சிற்றாற்றைக் கையால் கடந்த கதை

ஆனி மாதக் கடைசி. காலை ஏழரைக்குத் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினேன். மதுரையில் உடம்பை வறுத்தெடுத்த வெயில் இங்கே பேருக்குக்கூட இல்லை. மேற்கே மலையை மேகம் மூடியிருக்க, முகத்தில் பொடிப்பொடியாய்ச் சாரல். இலஞ்சியில் நண்பர் தோப்பில் தங்கிக் குற்றாலத்தில் குளிப்பதாக உத்தேசம். மாட்டு வண்டிக்கு ஆறணா.

சுரண்டையிலிருந்து வந்த ஓர் அம்மாளும் ஏறிக்கொண்டாள். இலஞ்சியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு நேற்றிலிருந்து இடுப்பு வலியாம். "மொதப் பிள்ளை பொறந்ததும் தக்காமப் போயிட்டு ஐயா. இந்தத் தடவ நான் பக்கத்துல இருக்கணும்" என்றாள்.

எட்டரை மணிக்கு ஆற்றுத் துறைக்கு வந்தோம். வைகையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஆறு என்றால் மணல்தான். சிற்றாறு என்ற பேரைக் கேட்டு இளப்பமாக நினைத்திருந்தேன். அம்மாடி! செம்மண் வெள்ளம் கரைக்குக் கரை புரண்டது. வேரோடு ஒரு மரம் உருண்டு போயிற்று. நின்ற தரையே அதிர்ந்தது.

அந்தத் துறையில் அப்போது பாலம் கிடையாது. "பாட்டன் காலத்துல மரத்துக்கு மரம் வடம் கட்டுனாவ, வெள்ளத்துல அத்துட்டு. பொறவு கல்தூணு நட்டாவ, அதையும் சாய்ச்சிட்டு. இப்பம் கைதான் ஐயா" என்றார் வண்டிக்காரர். துண்டை வீசி அக்கரைக்குக் குரல் கொடுத்தார்.

அக்கரையிலிருந்து ஆட்கள் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றி இறங்கினார்கள். இக்கரையிலும் அப்படியே. யார் என்ன சாதி, என்ன உறவு என்று அங்கே பார்ப்பதில்லை. உயரம்தான் கணக்கு. நெடியவர்கள் நடு ஆற்றில் நிற்பார்கள். கடப்பவர் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாறிப் போகவேண்டும்.

அம்மாள் முதலில் இறங்கினாள். பின்னால் நான். நடு ஆற்றில், நெஞ்சளவுத் தண்ணீரில், சட்டென்று நின்றுவிட்டாள். எதிரே கை நீட்டி நின்றவன் அவள் மருமகன். மருமகன் முகம் பார்த்துப் பேசாத குடும்பம் அவர்களுடையது. கையைத் தொடுவது எங்கே? முந்தானையை இழுக்கப் போனாள். கால் தடுமாறியது. என் உயிரே போய்விட்டது.

"அத்தை, பிடிங்க. அவ உங்களைத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கா."

இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

கரையேறியதும் கையை விட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். "ஐயா, எம் மவ எப்படி இருக்கான்னு கேளுங்க" என்றாள் என்னிடம். கேட்டேன். "இன்னும் பொறக்கலைன்னு சொல்லுங்க ஐயா" என்றான் அவனும் என்னிடமே. நான் வாயைத் திறக்குமுன் அவள் ஓடிவிட்டாள்.

நான்காம் நாள் ஊர் திரும்பினேன். அதே ஆறு முழங்கால் அளவுக்கு வடிந்து சாதுவாகக் கிடந்தது. என் பெட்டியைச் சுமந்து வந்தவன் அந்த மருமகன்தான். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்றான். கேட்டு நெஞ்சு குளிர்ந்தது.

"மொறப்படி எங்க அம்மை பேருதான் வைக்கணும். அம்மையே வேண்டாம்னுட்டா. இந்த வெள்ளத்துல எறங்கி வந்தவ பேரை வைங்கன்னு சொல்லிட்டா."

"என்ன பெயர்?"

"மாமியா பேரை நான் எப்படி ஐயா சொல்லுதது?"

"அப்போது மகளை எப்படியப்பா கூப்பிடுவாய்?"

"அதைக் கேட்டுத்தான் வீட்டுல எல்லாரும் சிரிக்காவ" என்று பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டான். "ஊர்ல பொட்டப் பிள்ளையளைக் கூப்பிடுத மாதிரி ஏட்டின்னு கூப்பிட வேண்டியதுதான்."