கண்ணை விட்டுக் குத்திய தாள்

நான் வாயாடி என்பதால்தான் அவள் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டேன். நான்காம் வகுப்பின் முதல் நாள். யாரிடம் கேள்வி கேட்டாலும் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்த சிஸ்டர், என்னை எழுப்பி, மூன்றாவது பெஞ்சில் பார்வையில்லாத ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "உன் வாய்க்கு இனிமே வேலை இருக்கு. போர்டுல எழுதுறதையெல்லாம் இவளுக்குச் சொல்லு" என்றார். தண்டனை என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அழுதும் பார்த்தேன். வெடிக் கம்பெனியில் பகல் முழுக்கத் திரி வெட்டிவிட்டு வந்திருந்த அம்மா, "சொல்லிக் குடுத்தா உன் வாய் தேஞ்சா போகும்?" என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

எங்கள் பள்ளிக்கூடம் சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற ரோட்டில், மாதா கோயிலை ஒட்டி இருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. படித்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல வெடிக் கம்பெனி, தீப்பெட்டிக் கம்பெனி வீட்டுப் பிள்ளைகள். காலையில் மாதாவிடம் செபம் சொல்வோம். வெள்ளிக்கிழமை திருநீறு பூசிக்கொண்டு வந்தும் அதே செபத்தைச் சொல்வோம். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. காலில் இரும்புச் சட்டம் மாட்டிய ஒரு பையன், காது கேளாத அக்கா தம்பி இருவர், ஒரு வார்த்தை பேச அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஒரு பெண், எல்லோரும் எங்களோடுதான் இருந்தார்கள். அவர்களுக்கென்று தனி வகுப்பு கிடையாது. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர்தான் பொறுப்பு. எல்லாப் பள்ளிக்கூடங்களும் இப்படித்தான் இருக்கும் என்று நான் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பெஞ்சுக்காரி டவுனில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண். அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, கழிவுத் தாள் வியாபாரம் செய்தார். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சாபீஸ்களில் சில தாள்களில் சிவப்பு ஒரு பக்கமாக நகர்ந்துவிடும், சிலவற்றில் நீலம் விழாமலே போய்விடும். அப்படிக் கெட்டுப்போன தாள்களை அவர் எடைக்கு வாங்கி விற்பார். அவர் கடையில் எல்லா மதத்துச் சாமிகளும் கட்டுக்கட்டாக, முகம் இரட்டையாகியும் நிறம் மாறியும் கிடப்பார்கள். பக்கத்திலேயே மக்கா படமும் ஒரு கட்டு இருக்கும்.

அந்தத் தாள்கள்தான் அவளுக்குப் பாடப் புத்தகம் ஆயின. விரலால் தொட்டு வாசிக்கும் புள்ளி எழுத்துக்குத் தடித்த தாள் வேண்டும், அது ஊரில் கிடைக்கவில்லை. காலண்டர் தாள் வழவழவென்று, கெட்டியாக, பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. இரண்டு தகடுகளுக்கு நடுவில் தாளைக் கொடுத்து, மேல் தகட்டில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகக் குத்தூசியால் குத்த வேண்டும். குத்துவது ஒரு பக்கம், புள்ளி எழும்புவது மறுபக்கம். அதனால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போக வேண்டும். மதுரையில் போய்ப் படித்துவிட்டு வந்த சிஸ்டர், அவளுக்கும் எங்களில் நாலைந்து பேருக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். அதில் நான்தான் வேகம். இதைச் சொல்வதற்கு எனக்கு இப்போதும் வெட்கமில்லை.

வெள்ளைப் பக்கம் அவள் வாசிப்பதற்கு. படம் இருக்கும் பக்கம் குத்துகிற எங்களுக்கு. ஆக, நாங்கள் குத்தியதெல்லாம் சாமிகளின் மேல்தான். முதல் நாளே குழந்தை இயேசுவின் கண்ணில் ஊசி இறங்கியதும் ஒருத்தி 'ஓ'வென்று அழுதுவிட்டாள். என் வீட்டிலும் சண்டை. "சாமி மூஞ்சியிலயா குத்துறீக?" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிஸ்டரிடம் கேட்டோம். "படிக்கிறதுக்குத்தானே குத்துறீங்க, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். எங்களுக்கு மனசு ஆறவில்லை. நாங்களே கூடிப் பேசி ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். எங்கே வேண்டுமானாலும் குத்தலாம், கண்ணில் மட்டும் குத்தக்கூடாது. கண் வருகிற இடத்தில் இரண்டு எழுத்து அளவுக்கு இடம் விட்டுவிட்டு, அதற்கப்புறம் தொடர்வோம்.

இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் வாசித்துக்கொண்டே போனவள் விரலை நிறுத்தி, "ஏ புள்ள, இங்கன ஏன் எழுத்து இல்ல?" என்று கேட்டாள்.

"அது சாமி கண்ணு" என்றேன்.

அவள் விரலைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு வெற்றிடத்தைத் தொட்டாள். "அப்ப இது இன்னொரு கண்ணு. மூக்கு இங்கன. வாய் இங்கன" என்று வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். தாளைத் திருப்பிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஒன்றுமே இல்லாத இடத்தைத் தொட்டு ஒரு முகத்தையே கண்டுபிடித்தவளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் பின்னாலும் யார் இருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்பாள். கேட்பதற்குச் சுவாரசியமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு படமாக எடுத்துத் தரும்படி அத்தாவிடமும் சொல்லிவிட்டாள்.

ஐந்தாம் வகுப்பு வந்ததும் பெரிய கேள்வி வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பு ஐந்தோடு முடிந்துவிடும். பார்வையில்லாதவர்களுக்கான பள்ளி வெளியூரில் இருந்தது, விடுதியில் தங்க வேண்டும். அவளுடைய அம்மா அனுப்ப மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். டவுனில் நாங்கள் எல்லோரும் சேரப்போகும் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியைக்கோ அவளைச் சேர்க்கத் தயக்கம். "மத்தப் பிள்ளைக படிக்கிற அதே பாடத்தை இவ வாசிக்கிறத நான் கண்ணால பாக்கணும்" என்று சொல்லி, முழுப் பரீட்சை முடிந்ததும் கூட்டிவரச் சொல்லியிருந்தார். வாசித்தால் எங்களோடு ஆறாம் வகுப்பு. இல்லாவிட்டால் வீடு.

அதனால் அந்த வருடம் தமிழ்ப் புத்தகம் முழுவதையும் குத்தி முடிக்க வேண்டியிருந்தது. அதே நேரத்தில் ஆண்டு விழாவும் வந்தது. கரகாட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். நான் நன்றாக ஆடுவேன். "நீ இந்தப் பாடத்தை முடிச்சிட்டு வா, உனக்கு இடம் இருக்கும்" என்றார் சிஸ்டர். அரக்கப்பரக்கக் குத்தி முடித்துவிட்டு ஓடினேன். எட்டுப் பேரும் நிறைந்திருந்தார்கள். ஆட்டம் சொல்லிக்கொடுத்த டீச்சர், "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு அடுத்த வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் தனியாக உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தேன். வெளியே கரகாட்டப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஊர்க் குளத்தைப் பற்றிய ஒரு பாடம். தாளில் இருந்தவர் முருகன். சிவப்பு மை நகர்ந்து அச்சானதால் அவருக்கு இரண்டு வேல். இவள் ஒருத்தியால்தான் எனக்கு ஆட்டம் போச்சு என்று தோன்றியது. பாடப் புத்தகத்தை மூடி வைத்தேன். வாய்க்கு வந்தபடி ஏசுவது போல, கைக்கு வந்தபடி குத்தினேன். எழுத்தும் இல்லை, வார்த்தையும் இல்லை, வெறும் புள்ளி. தாள் நிறைந்தால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். முருகனின் இரண்டு கண்ணிலும் குத்தினேன். தாளைக் கட்டோடு சேர்த்து அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது ராத்திரி சோறு சாப்பிடும்போதுதான் உறைத்தது. அந்த எழுத்தைத் தொட்டதும் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். மறுநாள் பயந்துகொண்டே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம் ஆகியும் வாயைத் திறக்கவில்லை. பாவம், இன்னும் அந்தப் பாடத்துக்கு வரவில்லை போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நானாகச் சொல்லியிருக்கலாம். வாயாடிக்கு அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வாய் வரவில்லை.

பரீட்சை முடிந்து அந்த நாளும் வந்தது. தலைமையாசிரியையின் அறைக்குள் சிஸ்டர், அவள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான். அவளுடைய அத்தா சைக்கிளோடு வாசலிலேயே நின்றுகொண்டார். தாள் கட்டை மேசைமேல் வைத்தோம். தலைமையாசிரியை கட்டின் நடுவில் கையைவிட்டு ஒரு தாளை உருவினார். "முருகனா?" என்று கேட்டபடியே அதைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி அவள் முன்னால் போட்டார். திருப்பும்போது ஓரத்தில் இரண்டு வேல் தெரிந்தது. அந்தக் கட்டில் இரண்டு வேல் முருகன் ஒரே ஒருவர்தான்.

"டீச்சர், அந்தத் தாள் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்?" என்றார் தலைமையாசிரியை. நான் சொல்லத்தான் போனேன். அதற்குள் அவள் என் கால் விரலை நறுக்கென்று மிதித்தாள்.

"நான் வாசிக்கேன் டீச்சர்" என்றாள்.

விரலை வைத்தாள். குளம் எங்கே இருக்கிறது, யார் வெட்டியது, கரையில் என்ன மரம் என்று வரிவரியாக, ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது. விரல் வரி முடிவுக்குப் போனது, கீழே இறங்கியது, மறுபடி ஆரம்பத்துக்கு வந்தது. மனப்பாடமாகச் சொல்கிறாள், என்னைக் காப்பாற்றுவதற்காக என் வெட்டிப் புள்ளிகள்மேல் சும்மா விரலை ஓட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். எப்போது மாட்டிக்கொள்வாளோ என்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் தலைமையாசிரியை தாளை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படம் என் பக்கம் இருந்தது. முருகனின் முகமெல்லாம் குத்துக் குழி. இரண்டு கண்கள் மட்டும் வழவழவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. நான் குத்திய கண்கள் எப்படி மூடின? அந்த ஒரு நொடியில் சாமியே மனசு இரங்கிச் செய்துவிட்டது என்று நான் சத்தியமாக நம்பினேன்.

"இந்த ரெண்டு இடத்துல மட்டும் ஏன் குத்தாம விட்டிருக்கு?" என்று அவர் கேட்டார்.

"அது சாமி கண்ணு டீச்சர். அங்கன குத்தக்கூடாது" என்றாள் அவள்.

தலைமையாசிரியை அந்தத் தாளைக் கட்டுக்குள் திருப்பி வைத்தார். பிறகு சிஸ்டரிடம் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

சிஸ்டர் வாசலில் அவளுடைய அத்தாவிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"அது நான் குத்துனது இல்ல."

"ஆமா."

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"நீ குடுத்த அன்னைக்கே. கைய வச்ச ஒடனே." ஏதோ சாப்பாட்டு டப்பாவைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னாள். "அத்தாட்ட அந்தத் தாளக் காட்டி, இதே மாதிரி இன்னொண்ணு கேட்டேன். ரெண்டு வேல் வச்ச முருகன்னு சொன்னாக. கடையில ஒரு கட்டு கெடந்துச்சு. அத்தா பாடத்த வாசிச்சாக, நான் குத்துனேன்."

"கண்ணு?"

"அத்தா என் வெரலப் பிடிச்சு, இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணுன்னு வச்சுக் காட்டுனாக."

கழிவுத் தாள் கடையில், வியாபாரத்துக்கு நடுவில், மகளின் விரலைப் பிடித்து முருகனின் கண்ணைக் காட்டிக்கொடுத்த அந்த மனிதர், வாசலில் சிஸ்டருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சிஸ்டர்ட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஒன்னைய வேற பெஞ்சுக்கு மாத்திருவாக."

"பழைய தாளக் கிழிச்சுப் போட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"வீட்ல இருக்கு. முழுசா வாசிச்சேன்."

"அதுல ஒண்ணுமே இல்லையேடீ."

"இருந்துச்சு" என்றாள். "மேல அம்புட்டு அழுத்திக் குத்திருந்த, தாளே ஓட்டையாப் போயிருந்துச்சு. கண்ணு இருக்குற எடம் தாண்டுனதும் அழுத்தம் கொறஞ்சிருச்சு. கீழ வர வரப் புள்ளி சரியா எந்திரிக்கவே இல்ல. அப்ப நீ அழுதுக்கிட்டு இருந்தியா?"

அழுதேன். அன்றைக்கு அந்த அறையில் யாரும் இல்லை, என்னை யாரும் பார்க்கவில்லை. இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதுகூட, மேலே, தனியாக உட்கார்ந்து குத்தியதைச் சொன்ன இடத்தில் கோபத்தை மட்டும் எழுதிவிட்டு அழுகையை மறைத்துவிட்டேன். அவள் ஒருத்திக்குத்தான் அது தெரியும்.