பின்பக்கத்துக் குசினி

குண்டசாலையில் வீடு கட்டத் தொடங்கியபோது, சமைக்கிற குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் சுவர் வேண்டாம் என்றாள் ஞானேஸ்வரி. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீவியில் அப்படித்தானே காட்டுகிறார்கள், ஆசைப்பட்டால் கட்டட்டும் என்றார்கள். சண்டை வந்தது, பின்பக்கத்துக் குசினியும் வேண்டாம் என்று அவள் சொன்னபோதுதான்.

இங்கே வழக்கம் இதுதான். வீட்டுக்குள் பளபளவென்று ஒரு பேன்ட்ரி, வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளக்க. உண்மைச் சமையல் வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, விறகுப் புகையில். பேன்ட்ரி வீட்டுக்காரரின் பெருமைக்கு, புகை வீட்டுக்காரிக்கு. என் வீட்டிலும் அதே கதைதான்.

மாநகர சபையில் ஞானேஸ்வரிக்கு என் பக்கத்து மேசை. கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்தவள். அவளுக்குக் கல்யாணம் பேசிய அன்று ஆண்கள் முன்னால் உட்கார்ந்து நாள் குறித்தார்கள். அவள் பின்னால் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். தன் கல்யாணம் முடிவானதைச் சுவர் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கணவர் ஸ்ரீதரன் நல்ல மனிதராக அமைந்தது தன் அதிர்ஷ்டம், சுவரின் புண்ணியமல்ல என்பாள்.

"என் மகளப் பத்தி எது பேசுனாலும் நான் அங்க இருக்கணும்க்கா" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். அந்த வீட்டின் படம் அவள் மனதில் விழுந்தது அப்படித்தான்.

ஸ்ரீதரனின் அண்ணன் பெரியதம்பிக்கு இது பிடிக்கவில்லை. கம்பளையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். வீடென்றால் தனக்குத்தான் தெரியும் என்று நினைப்பு. கருவாடு பொரித்தால் வந்தவன் மூக்கைப் பொத்துவான், சாமிப் படத்துக்கு முன்னால் மீன் கழுவுவதா என்று ஆயிரம் குறை சொன்னார். ஞானேஸ்வரி சாமிக்குக் கதவு வைத்த அலுமாரி செய்தாள். மீன் வாங்கும் நாளில் சாமி கதவைச் சாத்திக்கொள்வார் என்றாள். கருவாட்டை ரசித்துச் சாப்பிடுகிறவருக்கு அதன் வாசனை மட்டும் ஆகாதா என்றும் கேட்டாள்.

அவரும் விடவில்லை. அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, வீடு கட்டுகிற மேசன் பாஸிடம் சொல்லிப் பின்பக்கத்தில் அத்திவாரம் வெட்ட வைத்துவிட்டார். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் குழியைப் பார்த்தாள். மறுநாள் லீவு போட்டு, அக்கம்பக்கத்தில் வாழைக்கன்றுகள் கேட்டு வாங்கி, குழி நெடுக நட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டாள். பாஸ் வந்து பார்த்துச் சிரித்தாராம்.

வீடு முடிந்தது. அடுப்புக்கு மேலே, கட்டுகஸ்தோட்டையில் இடித்த ஒரு பழைய பங்களாவின் தேக்கு ஜன்னல். கடைகளில் மிஞ்சிய டைல்களை நீலமும் மஞ்சளுமாக ஒட்டியிருந்தாள். உட்காருகிற கதிரைகளோ ஒன்று மாதிரி ஒன்று இல்லை. கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி இருக்கிறதே என்றேன். கூட்டத்தில் நானும் இருக்கிறேனே, அது போதும் என்றாள்.

குடிபுகுந்து கொஞ்ச நாளிலேயே பெரியதம்பி ஒரு சம்பந்தத்தோடு வந்தார். மகள் தர்ஷிகா அப்போது கெம்பஸில் கடைசி வருடம். நானும் அன்று அங்கே இருந்தேன். கதிரையில் உட்கார்ந்ததும், தானும் தம்பியும் ஒரு விஷயம் பேச வேண்டும், தாயும் மகளும் போய்த் தேத்தண்ணி ஊற்றுங்கள் என்றார். பழக்கம் விடுமா?

இருவரும் போனார்கள். எங்கே போவது? அவருக்கு நேர் எதிரே இருந்த அடுப்புக்குத்தான். அவர் குரலைத் தாழ்த்திப் பார்த்தார். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை, படிப்பை நிறுத்திவிட்டு இந்த ஆவணியிலேயே முடிக்கக் கேட்கிறார்கள் என்றார். ஸ்ரீதரன் அண்ணனுக்கு எப்போதும் ஆட்டுகிற தலையை ஆட்டத் தொடங்கினார்.

"தேத்தண்ணியும் ஊத்துறேன், பதிலும் சொல்றேன் அத்தான்" என்றாள் ஞானேஸ்வரி, கேத்தலைக் கையில் பிடித்தபடி. "படிப்ப நிறுத்த மாட்டோம். மத்தத அவகிட்டயே கேளுங்க. இந்தா நிக்கிறா."

ஸ்ரீதரனின் தலை நின்றுவிட்டது. பெரியதம்பி அந்த ஹோலைச் சுற்றிப் பார்த்தார். தனியாக எழுந்து போய்ப் பேச வாழைத் தோட்டம்தான் இருந்தது. கடைசியில் தர்ஷிகாவின் பக்கம் திரும்பினார்.

"நீ என்னம்மா படிக்கிறே?"

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டது அன்றுதான்.

"கணக்கு, பெரியப்பா" என்றாள் தர்ஷிகா, தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்து, எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே. "கேளுங்க, சொல்றேன்."