புரட்டாசியில் கொடுத்த ரத்தம்

எங்கள் ராஜபாளையத்தில் அறுபதைத் தாண்டிய ஆண்கள் வருசத்துக்கு ஒரு தடவை கொலஸ்ட்ரால் பார்க்க ரத்தம் கொடுக்கப் போவார்கள். அதற்கென்று அவர்களாகவே ஒரு காலம் குறித்து வைத்திருக்கிறார்கள். புரட்டாசி கடைசி வாரம். அந்த வாரம் லேப்பில் உட்கார நாற்காலி கிடைக்காது.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. புரட்டாசி முழுக்கப் பெருமாளுக்காக வீட்டில் கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டை ஓடுகூடக் கண்ணில் படாது. முப்பது நாள் கீரையும் சாம்பாருமாக இருந்துவிட்டு ரத்தத்தைக் கொடுத்தால் ரிப்போர்ட் நல்லபடியாகத்தானே வரும்? அந்தத் தாளை வைத்துக்கொண்டு மிச்சம் பதினோரு மாதத்தை ஓட்டிவிடுவார்கள். ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை, லேப்பில் பார்த்த அத்தனை முகத்தையும் கறிக்கடையில் பார்க்கலாம். தூக்குவாளி மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கும்.

என் வீட்டுக்காரரும் இந்தக் கூட்டத்தில் ஒருவர். ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்றைக்கு மட்டும் மில்லைப் பளபளவென்று வைத்துப் பழகியவருக்கு உடம்பும் ஒரு மில்தான். ஆனால் மற்றவர்களுக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. போன வருசம் சித்திரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்தோம். "இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை ஆயுசு முழுக்க. நடை தினமும். ரெண்டுல எதையும் விடக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள்.

நடையில் குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு மலை இருக்கிற திசையில் கிளம்பிவிடுவார். கூட ஏழெட்டுப் பேர். போகும்போது சரசரவென்று போவார்கள். திரும்பும்போது டீக்கடைப் பெஞ்சில் அரை மணி நேரம். நடந்த களைப்புக்கு ஆளுக்கு ரெண்டு உளுந்தவடை. "எண்ணெயைப் பேப்பர்ல ஒத்தி எடுத்துட்டுத்தாம்ட்டி திங்கிறோம்" என்பார். அந்தப் பேப்பரைப் பார்த்தால் அடுத்த பக்கத்துச் செய்தியும் சேர்ந்து தெரியும்.

இந்தப் புரட்டாசியிலும் ரத்தம் கொடுத்தார். ரிப்போர்ட் பிரமாதம். அதைத் தெருவில் நாலு பேரிடம் காட்டினார். பிள்ளைகளுடைய மார்க் ஷீட்டைக்கூட அவர் அப்படிக் காட்டியதில்லை. எனக்கும் சந்தோசம். தீபாவளிக்கு அரைக் கிலோ கறியோடு நிறுத்த நினைத்தவள் ஒரு கிலோ எடுத்துவரச் சொன்னேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். எனக்கு முட்டுவலித் தைலம் வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். போனதோடு போனதாக அவருடைய மாத்திரைகளையும் கேட்டேன்.

கடைக்காரர், "பிரஷர் மாத்திரைய சார் நேத்தே வாங்கிட்டாரேம்மா" என்றார்.

"கொலஸ்ட்ராலுக்கு?"

"அது வேண்டாம்னு போன மாசமே சொல்லிட்டாரே. பாஸாயிட்டேன், இனி எதுக்குன்னாரு."

தைலத்தை வாங்கினேனா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. மதுரை ஆஸ்பத்திரி வராண்டாவில் அவருடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. இன்னொரு தடவை அப்படி உட்கார என்னால் ஆகாது.

மறுநாள் காலையில் நேராக டீக்கடைக்கே போனேன். வீட்டில் கேட்டால் எழுந்து போய்விடுவார். சேக்காளிகள் மத்தியில் எழுந்து போக முடியாது.

பெஞ்சில் வடையும் கையுமாக இருந்தார்கள். "வாங்க மதினி, நீங்களும் நடக்க ஆரம்பிச்சிட்டியளா?" என்றார் அவருடைய சேக்காளி ஒருவர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இன்றைக்கும் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான்.

"நடக்க வரலைண்ணே. கொலஸ்ட்ரால் மாத்திரைய நிறுத்தச் சொன்ன டாக்டர் இந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருக்காராமே, பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

வீட்டுக்காரர் வடையைக் கீழே வைத்தார். கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இல்ல மதினி, ஊரு வந்து சேந்த பொறவும் பஸ்ஸுக்குள்ளயே உக்காந்திருந்தா எப்படி? எறங்கிற வேண்டியதுதான? நானும் எறங்கிட்டேன்."

"நீங்களுமா?"

"நான் போன வருசமே" என்றது பெஞ்சின் கடைசியிலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. எண்ணிப் பார்த்தால் அந்தக் கடையில் மாத்திரை போடுகிற ஒரே ஆள் டீ மாஸ்டர்தான்.

"ஏட்டி, பாஸானவன எவனாவது திரும்பப் பரீட்சை எழுதச் சொல்வானா?" என்றார் வீட்டுக்காரர். கூட்டத்தில் ஒரு சிரிப்பு.

"சரி, நிசமாவே பாஸுன்னா எந்த மாசம் எழுதினாலும் பாஸாகணும்லா? நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம்."

சேக்காளிகள் பார்த்துக்கொண்டிருக்க, தலையை ஆட்டிவிட்டார்.

மறுநாள் காலை பஸ் ஏறினோம். பன்னிரண்டு கிலோமீட்டரும் அவர் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் வழக்கமாகக் காட்டும் டாக்டர் அங்கேதான் இருக்கிறார். கிளினிக் வாசலில் நின்றாலே எதிர்த்தாற்போல் கடையிலிருந்து பால்கோவா கிண்டுகிற வாசனை வரும். கொலஸ்ட்ராலுக்கு வைத்தியம் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ரத்தம் கொடுத்துவிட்டு இட்லி சாப்பிட்டு வந்தோம். ரிப்போர்ட் வந்தது. ஒரு கிலோ கறியும் ஒரு மாதத்து வடையும் நிறுத்தின மாத்திரையும் ஒன்று விடாமல் அதில் இருந்தன.

டாக்டர் கோபப்படவில்லை. "புரட்டாசியில எனக்கு எல்லாப் பேசண்டும் பாஸ் சார். ஆனா நீங்க பாஸானது கீரையால மட்டும் இல்ல. அந்த மாசம் மாத்திரையும் போட்டீங்க பாருங்க, அதனால. குடை பிடிச்சிருந்ததால நனையல. நனையலையேன்னு குடைய மடக்கிட்டீங்க."

வீட்டுக்காரர் ஷூவைப் பார்த்துக்கொண்டு, "நடக்கேன்லா சார்?" என்றார்.

"நடங்க. நடை இதயத்துக்கு நல்லது. ஆனா ஸ்டென்ட் வச்சவருக்கு மாத்திரை செய்ற வேலைய நடை செய்யாது. நடை செய்ற வேலைய மாத்திரையும் செய்யாது." அப்புறம் என்னைப் பார்த்தார். "நீங்க எப்பம்மா கடைசியா டெஸ்ட் எடுத்தீங்க?"

"எனக்கென்ன சார்? காலையில இருந்து வீட்ல நிக்காம வேலைதான்" என்றேன். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நான் ரத்தமே கொடுத்ததில்லை என்பதைச் சொல்லவில்லை.

"வந்தது வந்துட்டீங்க. இட்லி சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்ல, நீங்களும் கொடுத்துட்டுப் போங்க."

கொடுத்தேன். என் எடை அவருடைய எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வடை தின்ன எந்தப் பெஞ்சிலும் நான் உட்கார்ந்தது இல்லை. ஆனால் என்னுடைய கொலஸ்ட்ரால் அவருடையதைத் தாண்டி நின்றது. இது ஒல்லி, தடி பார்த்து வராதாம், வம்சத்தோடும் வருமாம். சுகரும் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லி, எனக்கும் அதே மாத்திரை. சாயங்காலம் நடை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் அவர் பேசினபடியே வந்தார். அம்புட்டு உற்சாகத்தை நான் தீபாவளிக்குக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு வந்த புத்தியைச் சொன்னால் சிரிப்பீர்கள். மாத்திரைப் பட்டையைக் கையில் எடுத்ததும், 'மார்கழி முடியட்டும், கோவில் பொங்கலெல்லாம் தின்று முடித்துத் தை பிறந்ததும் ஆரம்பிக்கலாம்' என்று தோன்றியது. அவருக்குச் சாக்கு புரட்டாசி, எனக்கு மார்கழி, அவ்வளவுதான். முட்டுவலிக்காரி எப்படி நடப்பது என்று அடுத்த காரணமும் தயாராக இருந்தது. ஒரு வாரம் சும்மாவே ஓட்டினேன்.

அவர் கண்டுபிடித்துவிட்டார். சூப்பர்வைசர் கண். பட்டையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஒண்ணுகூடக் கொறையலையே. டீக்கடை வரைக்கும் வந்து என் மானத்த வாங்கினவ இவதானா?" என்றார்.

"நீங்க போட்டா நான் போடுறேன்."

"நீ போட்டதுக்கு என்னட்டி சாட்சி?"

"நான் போட்டதுக்கு நீங்க சாட்சி. நீங்க போட்டதுக்கு நான்."

அன்றிலிருந்து தினமும் காலைக் காப்பிக்கு முன்னால் அடுப்படியில் ரெண்டு பேரும் எதிரெதிரே நிற்கிறோம். ஆளுக்கு ஒரு மாத்திரை, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். முழுங்கினதும் அவர், "வாயத் திற. நாக்கத் தூக்கு" என்பார். தூக்குவேன். "இப்ப நீங்க" என்பேன். நாற்பது வருசம் குடித்தனம் நடத்தியதில் ஒருவர் வாய்க்குள் ஒருவர் இம்புட்டு அக்கறையாகப் பார்த்தது இப்போதுதான். சாயங்காலம் மெதுவாக நடக்கிறேன். பின்னாலேயே வந்து, இன்னும் ஒரு தெரு பாக்கி என்று விரட்டுகிறார்.

கார்த்திகை, மார்கழி போய்த் தை பிறந்துவிட்டது. ஒரு நாளும் அவர் மாத்திரையை விடவில்லை. உயிர்மேல் இருக்கிற ஆசையால் போடுகிறாரா, என்னிடம் தோற்கக்கூடாதென்று போடுகிறாரா என்று நான் விசாரிக்கவில்லை. நாக்குக்கு அடியில் ஒன்றும் இல்லை. எனக்கு அது போதும்.