இன்ஸ்பெக்டர் வரும் நாளில் சிறுவாபுரிக்கு வேன்

மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். இன்று கவரைப்பேட்டையில் எந்த ஆட்டோவில் ஏறி என்னைக் கேட்டாலும் நேராக என் லேத் பட்டறை வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள். யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். அதற்கு முன் பல வருஷம் பிரஸ் ஓட்டினேன். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கிக் குத்தும் மெஷின். பத்து விரலும் அப்படியே இருக்கிறது. அந்த வேலை பார்த்த எத்தனை பேர் இப்படிச் சொல்ல முடியும்?

என் தங்கை மகள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக அதே மாதிரி பிரஸ்ஸில் நிற்கிறாள். ஒருநாள் சாயங்காலம் நெற்றி நிறைய விபூதியோடு வந்தாள்.

"மாமா, இன்னிக்கு வேலை இல்ல. கம்பெனி வேன்லயே சிறுவாபுரி முருகன் கோயில் போய்க்கினு வந்தோம். புளியோதரை பொட்டலம் வேற. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தாலே எங்களுக்கு ஜாலிதான்."

"கை உள்ள போனா மெஷினை நிறுத்துமே சென்சாரு, அது வேலை செய்யுதா?"

"அத்த ஆஃப் பண்ணி வெச்சிகீறாங்க. அவரு வர்ற அன்னிக்கு மட்டும் போடுவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த நேரமும் உள்ளே நுழையலாம், எவரையும் கூப்பிட்டு விசாரிக்கலாம், ஆபத்தான மெஷினை நின்ற இடத்திலேயே நிறுத்தலாம் என்று அரசாங்கம் ஒரு மனிதனுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அவர் என்னடாவென்றால் கல்யாணத்துக்குச் சொல்வதுபோல் முன்கூட்டியே போன் போட்டுவிட்டு வருகிறார்!

அடுத்த முறை அவள் "நாளைக்குக் கோயில்" என்றதும், மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டில் போய் நின்றேன். இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். சின்ன வயசு. கையில் இளநீர்.

"சார், பிரஸ் ஓட்ற பொம்பளைங்கள விசாரிச்சீங்களா?"

"அவங்களுக்கு இன்னிக்கு லீவுன்னாங்க பெரியவரே."

"சிறுவாபுரில புளியோதரை துன்னுகினு கீறாங்க. வரீங்களா?"

"எழுதிக் குடுங்க, பார்க்கலாம்."

"எனுக்கு எழுத வராது, கத்த வரும். மெஷினை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் கீதா இல்லியா?"

"இருக்கு."

"அப்புறம் யாருக்காக அத்த பத்திரமா வெச்சினு கீறீங்க?"

கேட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மனிதர் முகம் சிவந்து ஜீப்பில் ஏறினார். நான் முன்னால் போனேன்.

கோயில் வாசலில் கம்பெனிச் சட்டையோடு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சென்சாரைப் பற்றிக் கேட்டார்; எல்லாரும் பொட்டலத்தில் குனிந்துகொண்டார்கள். வேனில் அவர்களோடு வந்த சூப்பர்வைசர் கண்ணாலேயே மிரட்டினான். தங்கை மகள் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். கடைசியில் வயதான அம்மா ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மெஷின்ல அந்த சென்சாரு லைட்டு நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் சார் எரியும்."

அன்றே அவர் திரும்பிப் போய், சென்சாரை யாரும் அணைக்க முடியாதபடி பூட்டும்வரை பிரஸ் ஓடக் கூடாது என்று உத்தரவு ஒட்டினார். கவரைப்பேட்டை முழுக்க நான்தான் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தங்கை மகள் மட்டும் என்னோடு பேசவில்லை. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகுதான் தங்கை வீட்டில் அவளைப் பார்த்தேன்.

"உன்னால பெரிய பேஜாரு மாமா. சும்மா சும்மா நின்னு போவுது."

"ஏன் நிக்குது?"

"தகடு கோணிக்கும். நேராக்கலாம்னு கை தன்னால உள்ள போவும். ஒடனே நின்னுடும்."

சொல்லிக்கொண்டே அந்தக் கையால் எனக்கு டீயை நீட்டினாள். இத்தனை நாள் அந்தக் கை உள்ளே போனபோதெல்லாம் மெஷின் நிற்காமல் ஓடியிருக்கிறது. டம்ளரைக் கீழே வைத்தேன். மறுபடியும் போய் அந்தக் கேட்டை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.