அகராதியில் எங்கள் பெயர்

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆங்கில மன்றத்தில் வருடா வருடம் ஒரு கூட்டம் நடக்கும். ஆளுக்கோர் அபூர்வமான ஆங்கில வார்த்தையை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, என்ன பொருள் என்று மேடையில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அந்த வருடம் தமிழிலிருந்து போன வார்த்தைகள். ஒருத்தி கட்டமரான் எடுத்தாள். இன்னொருத்தி செரூட். கட்டுமரமும் சுருட்டும் கப்பலேறிப் போனதில் எல்லாருக்கும் அப்படியொரு பெருமை.

நான் 'பரையா' என்று எழுதிக் கொடுத்தேன். மன்றப் பொறுப்பாளர் சார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது? ஒதுக்கப்பட்டவன், கேவலமானவன்னு அர்த்தம். வெளியாளுங்க வர்ற கூட்டம். மல்லிகடானி எடுத்துக்கோ, நம்ம மிளகுத்தண்ணி. ஜாலியா இருக்கும்."

"அது எங்க சாதிப் பேரு சார்."

"அதாம்மா சொல்றேன். உனக்கு எதுக்கு இந்த அசிங்கம்? உன் நல்லதுக்குத்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆம்பூர் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோல் புரட்டி அப்பா என்னைப் படிக்க அனுப்பியது மிளகுத்தண்ணியைப் பற்றிப் பேசவா? அகராதியில் அச்சடித்திருந்தால் படிப்பாம், நான் வாயைத் திறந்து சொன்னால் அசிங்கமாம். நல்லா இருக்கே நியாயம்!

"பேசினா இதைத்தான் பேசுவேன். இல்லன்னா என் பேரை அடிச்சிடுங்க சார்" என்றேன்.

அவர் அடிக்கவில்லை. கடைசியில் தள்ளி வைத்தார். நேரமாகிவிட்டது என்று விட்டுவிடலாம் அல்லவா? அதேபோல எனக்கு முந்தினவள் முடித்ததும் நன்றியுரைக்கு எழுந்தார். நான் ஓடிப்போய் மைக்கைப் பிடித்துவிட்டேன்.

பறையை அடித்தவர்கள் பறையர், அந்தப் பேர் போர்த்துகீசியன் வாயிலும் வெள்ளைக்காரன் வாயிலும் புரண்டு பரையா ஆனது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசிக் கேள்வியை மட்டும், எல்லாருக்கும் புரியட்டும் என்று தமிழில் கேட்டேன்.

"பறைன்னா மேளம்தானே? அதுல கேவலம் எங்கேர்ந்து வந்துச்சு? கப்பல்ல வந்து இறங்கினவனுக்குத் தமிழே தெரியாது. எங்க தெருவைக் கை காட்டி, 'அவங்களத் தொடாதே'ன்னு அவனுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தது யாரு?"

ஒருத்தரும் கைதட்டவில்லை. சார் குனிந்து நன்றியுரைத் தாளைத் தேடினார். நான் இறங்கி, முன்வரிசையில் சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். எழுந்திரு என்று ஒருத்தர் சொல்லட்டும், பார்க்கலாம்.